ஏழாம் பாயிண்டில் நின்ற லூப்

1. கிளினிக்கில் வந்த போன்

பத்தாம் பாயிண்டில் இருந்த பெட்டி சூடாகிவிட்டது என்று போன் வந்தபோது, குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒன்றரை வயது. முந்தைய நாளிலிருந்து காய்ச்சல். பேசியவர் எங்கள் டீம் லீடர் ஸ்டீபன் சார்.

"ஜெனிட்டா, எங்க இருக்க? யார்டுல ஒரு ரீஃபர் பெட்டி மைனஸ் பதினெட்டுல இருக்க வேண்டியது மைனஸ் ஏழுல நிக்குதாம். பூரா கணவாய். நம்ம ஹேண்ட்ஹெல்டு லாக்கை எடுத்து அனுப்பச் சொல்லுதாங்க."

"சார், நம்ம சாஃப்ட்வேர்ல எதுவும் தப்பா…"

"நம்மள ஒண்ணும் சொல்லல. அட்டெண்டர் ஒருத்தன் மூணு பெட்டியப் பாக்காம விட்டுட்டானாம். அவன் மேல ஆக்‌ஷன் எடுக்கிறதுக்கு லாக் வேணும். அவ்வளவுதான்."

'நம்மள ஒண்ணும் சொல்லல' என்றதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனிலேயே சர்வரைத் திறந்து, அன்றைய லாக்கை, அதாவது கருவிகளின் பதிவை, யார்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைத் திறந்து படிக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் படிப்பதற்காக அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இதைத்தான் எழுதுகிறேன்.

2. யார்டும் லூர்துவும்

ரீஃபர் என்பது குளிர்பெட்டி. இறாலும் கணவாயும் மீனும் உறைந்த நிலையில் அதில்தான் கப்பலுக்குப் போகின்றன. கப்பல் வரும்வரை பெட்டிகள் துறைமுகத்துக்கு வெளியே உள்ள யார்டில் மின் இணைப்போடு நிற்கும். இணைப்புக் கொடுக்கும் இடத்துக்குப் பிளக் பாயிண்ட் என்று பெயர். நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்த யார்டில் இரண்டு வரிசைகள்: கேட் பக்க வரிசை, கடல் பக்க வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு பாயிண்ட். ஷிஃப்டுக்கு இரண்டு அட்டெண்டர்கள், ஆளுக்கு ஒரு வரிசை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியாகப் போய் அதன் திரையில் உள்ள வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அதுதான் ரவுண்டு.

முன்பு இருவருக்கும் சேர்த்து ஒரே தாள். அதற்குப் பதிலாக நாங்கள் ஆளுக்கொரு ஹேண்ட்ஹெல்டு கொடுத்தோம். கையில் பிடிக்கிற அளவு கருவி. அது ஒரு பெட்டியின் எண்ணைக் காட்டும். வெப்பநிலையை அடித்தால் அடுத்த பெட்டி வரும். எல்லாம் முடிந்ததும் 'ரவுண்டு முடிந்தது' என்று பச்சையில் காட்டும்.

எழுதத் தொடங்கும் முன் யார்டைப் பார்க்க ஒரே ஒருமுறை போனேன். மகளைக் காப்பகத்தில் விட்ட முதல் வாரம் அது. அவள் அழுகிறாளோ என்று அரை மணிக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சுற்றிக்காட்டியவர் கேட் பக்க வரிசையின் அட்டெண்டர் லூர்து. தருவைகுளத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கடல் தொழிலை விட்டு இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"மேடம், வயரத் தாண்டி வாங்க, மிதிச்சிராதிய," என்றார். பிறகு, "பிள்ளையை விட்டுட்டு வந்தியளோ? அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க போனைப் பாக்கியள. எங்க வீட்டுலயும் மூத்தவ பிறந்தப்ப இப்படித்தான். நான் கடலுக்குப் போனாலும் வீட்டுக்காரி போன் பண்ணுவா, சிக்னல்தான் கெடைக்காது," என்று சிரித்தார்.

அது ஏற்றுமதி மும்முரமான சீசன். இருபத்து நான்கு பாயிண்டிலும் பெட்டிகள் நின்றன. ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. நான் பார்த்த யார்டு அதுதான். என் தலைக்குள் இருந்த யார்டும் அதுதான்.

3. நான் எழுதியது

கருவி சிறியது, நினைவகமும் குறைவு. கருவியோடு வந்த நிரல் அடிக்கடி உறைந்துபோனதால் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதினோம். வரிசை என்பது நானே உருவாக்கிய கலெக்‌ஷன். பொருட்களை அடுக்கி வைக்கும் தொகுப்பு. உள்ளே பன்னிரண்டு ஸ்லாட், பாயிண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு ஸ்லாட்டும் ஓர் ஆப்ஷன்: பெட்டி இருந்தால் 'சம்', அதற்குள் பெட்டி. இல்லாவிட்டால் 'நன்'.

நாமே உருவாக்கிய கலெக்‌ஷனை ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக நடத்த வேண்டும் என்றால், அதற்கான விதிகளான இட்டரேட்டர் டிரெய்டை எழுதித் தர வேண்டும். கட்டாயமாக எழுத வேண்டியது ஒரே ஒரு ஃபங்ஷன்தான்: நெக்ஸ்ட். லூப் அதனிடம் 'அடுத்தது கொடு' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பொருள் இருந்தால் 'சம்' என்று சுற்றிக் கொடுக்க வேண்டும். பொருட்கள் தீர்ந்துவிட்டால் 'நன்' என்று சொல்ல வேண்டும். 'நன்' என்று கேட்டதும் லூப் நின்றுவிடும். அதன் பிறகு அது திரும்பிப் பார்க்காது.

நான் எழுதிய நெக்ஸ்ட் நான்கு வரி. எண்ணை ஒன்று கூட்டும், அந்த ஸ்லாட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். ஸ்லாட்டில் இருப்பதும் ஆப்ஷன், நெக்ஸ்ட் கொடுக்க வேண்டியதும் ஆப்ஷன். டைப் கச்சிதமாகப் பொருந்தியது. நிரலைச் சரிபார்த்து, காற்புள்ளிக்கெல்லாம் சண்டைபோடும் கம்பைலர் அன்று ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. எவ்வளவு சுருக்கமாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பன்னிரண்டு பெட்டிகளை நிரப்பி டெஸ்ட் எழுதினேன். பன்னிரண்டும் வந்தன. எட்டு பெட்டிகளை முன்னால் நிரப்பி, கடைசி நான்கைக் காலியாக விட்டும் பார்த்தேன். எட்டும் வந்தன. நான் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள். கேஸ் அடைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவள். அந்த டெஸ்டையும் அப்படித்தான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஆனால் நடுவில் ஒன்றைக் காலியாக விட்டு ஒருமுறைகூட ஓட்டவில்லை.

ஆறு வாரம் ஒரு குறையும் வரவில்லை. யார்டு நிறைந்திருந்தது. காலியானபோதும் வரிசையின் கடைசியிலிருந்தே பெட்டிகள் போயின.

4. லாக்கைப் படித்தது

மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, மதியம் லேப்டாப்பைத் திறந்தேன். எதற்காகத் திறந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அனுப்பியதைப் படிக்காமல் அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தலாக இருக்கலாம்.

கேட் பக்க வரிசையில் லூர்து செய்த இரண்டு ரவுண்டுகளும் லாக்கில் இருந்தன. ஒன்று முதல் ஆறு வரை ஒழுங்காக வெப்பநிலை. அதன்பின், 'ரவுண்டு முடிந்தது.' வரிசைப் படத்தைப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, பத்தில் பெட்டிகள் நின்றன. ஏழு காலி. ஏழில் இருந்த பெட்டி, ஆவணங்கள் முதலில் முடிந்ததால், லூர்துவின் ஷிஃப்ட் தொடங்குவதற்குச் சற்று முன் கப்பலுக்குப் போயிருந்தது.

டெஸ்டில் ஏழாம் ஸ்லாட்டை மட்டும் காலியாக்கி ஓட்டினேன். ஆறு பெட்டிகள் வந்தன. லூப் நின்றது. மூன்றாவதைக் காலியாக்கினேன். இரண்டு வந்தன. காலி இடத்தின் 'நன்'னையே லூப் 'தீர்ந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டிருந்தது.

லூர்து எதையும் விடவில்லை. அவருக்குக் காட்டப்பட்டவை ஆறுதான். பத்தாம் பாயிண்டில் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றிருந்தது, அங்கே போய்ப் பார்க்கும்படி அவருடைய கருவி சொல்லவே இல்லை. அவர் தவறு செய்தார் என்பதற்கு ஆதாரமாக என் கையாலேயே நான் அனுப்பியது, என் தவறு பதிவாகியிருந்த லாக்.

நெக்ஸ்டைத் திருத்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. காலி ஸ்லாட் வந்தால் தாண்டு, ஸ்லாட்டுகளே தீர்ந்தால் மட்டும் 'நன்' சொல். மகள் எழுந்து அழுதாள். தூக்கிக்கொண்டேன். உடம்பு இன்னும் சுட்டது.

5. ஸ்டீபன் சார் சொன்னது

மறுநாள் காலை அலுவலகத்தில் ஸ்டீபன் சாரிடம் டெஸ்டை ஓட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தினார்.

"யாருக்காவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. இன்னைக்கே அப்டேட்டை அனுப்பிரு. நோட்ல 'பட்டியல் காட்டும் முறையில் மேம்பாடு'ன்னு போடு."

"சார், அந்த லூர்து…"

"இங்க பாரும்மா. நான் ஒன்னய பொய் சொல்லச் சொல்லல. கேட்டா உண்மையச் சொல்லு. கேக்காம நீயே போய் ஏன் தலையக் குடுக்க? ப்ரொபேஷன் முடியல ஒனக்கு. நம்ம கம்பெனிக்கும் இது ஒண்ணுதான் பெரிய கஸ்டமர்." கொஞ்சம் நிறுத்தி, "அவன ரெண்டு நாள் உக்கார வச்சிட்டுத் திரும்பக் கூப்பிட்டுருவாங்க. எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான்," என்றார்.

அவரைக் கெட்டவராகக் காட்ட இதை எழுதவில்லை. பிரசவத்தையொட்டி ஒரு வருட இடைவெளியோடு வந்த என்னை, மற்ற இடங்கள் யோசித்தபோது, வேலைக்கு எடுத்தவர் அவர்தான். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். அவர் வருடத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. தூத்துக்குடியிலேயே இந்த மாதிரி வேலை எனக்கு வேறெங்கும் கிடைக்காது. இது போனால் சென்னை. சென்னை என்றால் மகளை யாரிடமாவது விட வேண்டும். இதையெல்லாம் அந்த நாள் முழுவதும் கணக்குப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்டேட்டை அனுப்பினேன். நோட்டில் 'மேம்பாடு' என்றே போட்டேன்.

6. கேட்டுக்கு வெளியே

அதற்கு அடுத்த நாள் அப்டேட் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க யார்டுக்குப் போனேன். உண்மையில் அதை அலுவலகத்திலிருந்தே பார்த்திருக்கலாம். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் லூர்து நின்றிருந்தார். சீருடை இல்லை.

"உள்ள விட மாட்டாங்க மேடம். கேட் பாஸ வாங்கி வச்சிட்டாவ," என்றார். "என்கொயரி முடிஞ்சு எழுதிட்டாவன்னா பாஸ் கேன்சல். ஒரு யார்டுல கேன்சல்னா எல்லா யார்டுலயும் அதே கததான்."

ரெண்டு நாள் உட்கார வைப்பது அல்ல இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"லிஸ்ட்ல வரலன்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். 'ஏலே, மெசினு பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா'ன்னு கேட்டாரு செல்லத்துரை அண்ணாச்சி. நான் என்னத்தச் சொல்ல?" செல்லத்துரை என்பவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "எட்டுல பெட்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியும்லா? ஆறோட முடிஞ்சிட்டுன்னு எப்படி விட்டிய?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். வரிசையின் நடுவில் ஒரு பெட்டி போய்விட்டால் அந்த இடைவெளி வழியாகக் கடல் பக்கத்து அட்டெண்டர் உள்ளே நுழைவது சுலபம். அதனால் இடைவெளிக்கு அப்பால் நிற்கும் பெட்டிகளை அவரே பார்த்துத் தாளில் எழுதிவிடுவார். கடல் பக்கத்தில் இடைவெளி விழுந்தால் இவர் பார்ப்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எங்கும் எழுதாமல், வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"லிஸ்ட் ஆறோட நின்னதும், பரவாயில்லையே, இந்த மெசினுக்கும் நம்ம வழக்கம் தெரியுதேன்னு நெனச்சேன் மேடம். நீங்க அன்னைக்கு வந்து பாத்துட்டுப் போனியள, அதான் சேத்து எழுதிட்டியபோலன்னு."

அவர் என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக நினைத்திருந்தார்.

"கடல் பக்கத்து அந்தோணி அவன் மெசின்ல வந்ததப் பாத்தான். அவன் வரிச முழுசும் ஒழுங்கா வந்துட்டு. எனக்கு எல்லாமே வந்திருக்கும்னு நெனச்சிட்டான். இத நான் அண்ணாச்சிகிட்டச் சொன்னா அவனுக்கும் பாஸ் போவும். நீங்களும் எங்கயும் எழுதிராதிய. அவன் வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா."

7. மெயில்

அன்று அங்கேயே, செக்யூரிட்டி அறையின் பெஞ்சில் உட்கார்ந்து மெயில் எழுதினேன். முதலில் எழுதியது இது: 'சில சூழ்நிலைகளில் பட்டியல் முழுமையாகக் காட்டப்படாமல் இருக்க வாய்ப்பு உள்ளது.' படித்துப் பார்த்தேன். இதைப் படிக்கிற யாரும் லூர்துவின் பாஸைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அழித்தேன். இரண்டாவது முறையும் 'கண்டறியப்பட்டது', 'சரிசெய்யப்பட்டது' என்றே வந்தது. யார் செய்தது என்று அதில் இல்லை.

மூன்றாவது இப்படி: 'நடுவில் ஒரு பாயிண்ட் காலியாக இருந்தால் அதைப் பட்டியலின் முடிவு என்று கருவி எடுத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். அதனால் எட்டு, ஒன்பது, பத்தாம் பாயிண்டுகள் லூர்துவுக்குக் காட்டப்படவில்லை. நான் அனுப்பிய லாக்கை அவருக்கு எதிரான ஆதாரமாக எடுக்க வேண்டாம்.' ஸ்டீபன் சாருக்கு நகல் வைத்தேன். அந்தோணியையும் அவர்கள் வழக்கத்தையும் பற்றி எழுதவில்லை. விட்டது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது பெரிய விஷயம், யார்டு அறிய வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்லாமலே தவறு முழுவதையும் விளக்க முடிந்தது. தவறு என்னுடையது.

அனுப்பிவிட்டுச் செல்லத்துரை அண்ணாச்சியின் மேஜைக்கே போனேன். டெஸ்டுக்கு வைத்திருந்த இன்னொரு ஹேண்ட்ஹெல்டில் பழைய நிரல் இருந்தது. மூன்றாம் பாயிண்டைக் காலியாக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நீங்களே ரவுண்டு போடுங்க."

அவர் இரண்டு எண்ணை அடித்தார். பச்சை வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் பச்சை.

"என்னம்மா இது, ரெண்டே ரெண்டு பெட்டியப் பாத்தா ரவுண்டு முடிஞ்சிருமா? எம் பேரப்பிள்ள கூட வேல பாத்துருவான்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இத நீங்க அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? ஊரே கேக்குற மாதிரி அவனக் கத்தியாச்சு. அவன் பாஸு, ஆள் அனுப்புற காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போயாச்சு. இப்ப நான் எங்கன போய் நிப்பேன்?"

"தெரிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு அண்ணாச்சி. சொல்லலை."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, காண்ட்ராக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

8. பிறகு

அந்தக் கணவாய்ப் பெட்டி கப்பல் ஏறவில்லை. ஸ்டீபன் சார் கத்தவில்லை. "கஸ்டமர் உன் மெயிலப் படிச்சிட்டு என்கிட்டப் பேசுதாங்க, நான் அத அப்ப பாக்கக்கூட இல்ல. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்," என்றார். அது நியாயம்தான். என் ப்ரொபேஷனை நீட்டித்தார்கள். யார்டு அந்தக் கருவியைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் இனி எது மாறினாலும் அவர்கள் ஆள் ஒருவர் யார்டில் நடந்து பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

லூர்துவின் பாஸ் காண்ட்ராக்டர் அலுவலகத்திலிருந்து திரும்பி வர பதினோரு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டுக்கு போன் செய்து கேட்டேன். அந்த நாட்களில் அவர் அண்ணனின் படகில் கடலுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பதினோரு நாளில் நெக்ஸ்டை மறுபடி எழுதினேன். காலியைத் தாண்டிப் போகும்படி நான் செய்த திருத்தமும் எனக்குப் போதாது என்று தோன்றியது. ஆறுக்குப் பிறகு எட்டு வந்தால், நடந்து போகிறவருக்கு ஏழு என்ன ஆயிற்று என்று தெரியாது. கருவி தவறவிட்டதா, பெட்டி போய்விட்டதா? அதனால் இரண்டு விதமாகப் பிரித்தேன். பெட்டிகளை மட்டும் கொடுக்கும் இட்டரேட்டர் ஒன்று, அது அலுவலகத்தில் எண்ணிக்கை எடுக்க. பாயிண்ட் எண்ணோடு எல்லா ஸ்லாட்டையும் கொடுக்கும் இட்டரேட்டர் இன்னொன்று, அது ரவுண்டு போகிறவருக்கு. இதில் காலியும் ஒரு பதில். லூப் பன்னிரண்டைத் தாண்டினால்தான் நிற்கும். ரவுண்டு போகிறவர் காலி இடத்துக்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கூடுதல் வேலைதான். தயங்கித் தயங்கித்தான் வைத்தேன்.

நீங்கள் ஒரு கலெக்‌ஷனை லூப்பில் நடத்த எழுதும்போது, அதற்குள் காலி இடம் இருக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். அந்தக் காலி இடத்தில் நிஜமான ஓர் ஆள் வந்து நின்றால் அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று அடுத்ததாகக் கேளுங்கள். டைப் பொருந்தியது, கம்பைலர் பேசவில்லை என்பது இரண்டுக்கும் பதில் ஆகாது. யார்டைப் பார்க்கப் போனால் அது பாதி காலியாக இருக்கும் நாளிலும் போங்கள். உங்கள் லாக்கை யாராவது கேட்டால் படித்துவிட்டு அனுப்புங்கள். தவறு தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். நான் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அந்த இரண்டு நாளில்தான் பாஸ் கைமாறியது.

லூர்து வேலைக்குத் திரும்பிய காலை, புது நிரலோடு அவருடன் ரவுண்டு நடந்தேன். அவர் என்னிடம் கோபமாகவும் பேசவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வயர்களைப் பார்த்து நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். அன்று ஐந்தாம் பாயிண்டில் பெட்டி இல்லை. வெயில் நேராக அந்த இடைவெளியில் விழுந்துகொண்டிருந்தது. கருவியில், 'ஐந்து: காலி' என்று வந்தது. அவர் தலையைத் தூக்கி வெறும் பிளக்கைப் பார்த்தார்.

"ஆமா, காலிதான்," என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினார். ஆறு வந்தது. நடந்தோம்.